டீச்சர் குட்டச் சொன்னார்

ஸ்ரீசிட்டி தொழிற்சாலைப் பெண்களின் பழைய சீருடைகளை இணைத்து ஒரு பெரிய திரை தைக்கிறோம். இன்று திருப்பதியில், உடன் தைக்கும் தெலுங்கு அக்கா ஒரு கிழிசலைக் காட்டி, "இக்கட குட்டம்மா" என்றார். என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

அப்போது வேலூரிலிருந்து இங்கே வந்த புதிது, நான் இரண்டாம் வகுப்பு. என் கிழிந்த பாவாடையைப் பார்த்த டீச்சர், "மீ அம்மனி குட்டமனு" என்றார். வீட்டுக்கு ஓடி ஒப்பித்தேன்.

"டீச்சரு உன்னாண்ட குட்டு வாங்கினு வரச் சொன்னாங்கம்மா."

"இன்னாடி பண்ண?" என்று நறுக்கென்று ஒன்று வைத்தாள் அம்மா.

மறுநாளும் அதே கிழிசல். விஷயம் கேட்ட டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தெலுங்கில் குட்டுவது என்றால் தைப்பதாம்; அம்மாவைத் தைக்கச் சொல் என்றுதான் சொன்னாராம்! அன்று மாலை அம்மா பாவாடையைத் தைத்தாள்; குட்டிய இடத்தில் முத்தமும் வைத்தாள்.

இப்போது எதிரே ஊசியில் நூல் கோக்கும் அம்மா, தலையிலிருக்கும் என் கையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"இன்னுமாடி வலிக்குது?"