காய்ந்து கிடந்த சுவர்

கலீலுல்லாவுக்கு மும்பை செம்பூரில் ஒரு மண் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷ வேலை. குழாயில் மண்ணை அடைத்து, தண்ணீர் ஊறி நிரம்பும்வரை காத்திருந்து, பிறகு எவ்வளவு கசிகிறது என்று அளந்து எழுத வேண்டும். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனாலும் குடியிருந்த தாராவியில் அவரை எல்லாரும் இஞ்சினியர் என்றே கூப்பிட்டார்கள். மனுசன் ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

மகள் பரீஹாவை விக்ரோலியில் ஒரு குன்றடியில் கட்டிக்கொடுத்திருந்தார். வரிசையாகப் பதினோரு வீடுகள்; எல்லாவற்றுக்கும் பின்சுவர், குன்றைத் தாங்கும் கருங்கல் சுவர்தான். குன்றுக்குள் சேரும் தண்ணீர் வடிய அதில் வீட்டுக்கு வீடு ஓட்டை விட்டிருந்தார்கள். பரீஹா வீட்டு ஓட்டை நேரே அடுப்புக்கு மேலே. மழைக்காலத்தில் கொதிக்கிற மீன் ஆணத்துக்குள் சேறு சொட்டும். போன மே மாதம் சம்பந்தியம்மா ஷரீஃபுன்னிசா, இஞ்சினியர் வீட்டில் பெண்ணெடுத்தும் இந்தக் கதிதானா என்று சிரித்துக்கொண்டே குத்திவிட்டாள். அவ்வளவுதான், ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. வாட்டர்ப்ரூஃப் சிமெண்டு வாங்கிவந்து தன் கையாலேயே ஓட்டையை அடைத்தார். எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாருக்கு மிச்சச் சிமெண்டைக் கொடுத்து, பூசும் விதமும் சொல்லித் தந்தார். தெரியாமலா செய்தார்? தண்ணீருக்குப் போக்கு இல்லாவிட்டால் என்னாகும் என்று அவருக்கா தெரியாது! சம்பந்தி முன்னால் மதிப்பு என்றதும் புத்தி மழுங்கிவிட்டது, வேறென்ன சொல்ல.

ஜூலையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பரீஹா போன் செய்தாள்.

"வாப்பா, ஒரு சொட்டு இல்ல. சுவரு காஞ்சு கெடக்கு."

குன்று முழுக்க ஊறிக் கிடக்க, சுவர் காய்ந்திருக்கிறது என்றால் அத்தனை தண்ணீரும் கல்லுக்குப் பின்னால் நின்று முட்டுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போ என்று கத்தினார். ஆட்டோக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டான். மீதியை முழங்கால் தண்ணீரில் ஓடிக் கடந்தார்.

மூவரும் ரோட்டில் நனைந்தபடி நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. பரீஹா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். காய்ந்த சுவரைக் காட்டிச் சிரித்தார்களாம். அவர் மேலே ஓடினார். பூட்டிக் கிடந்த முதல் வீட்டையும், பரீஹாவின் இரண்டாவது வீட்டையும் தாண்டினார். மூன்றாவது வீட்டுச் சுவர் வயிறு தள்ளி நின்றது. அங்கே கோமதியம்மாள் மருமகளோடு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மழை ஜாஸ்தி, வெளியே வாருங்கள் என்று கெஞ்சினார். போன வருஷமும் இதே மழைதானே என்றாள் அவள். முனிசிபாலிட்டியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அதற்கும் அவள் அசையவில்லை.

"இஞ்சினியரு நீங்க தந்த சிமெண்டு அண்ணாச்சி. எங்க விழப்போவுது?"

பின்னாலேயே வந்து ஷரீஃபுன்னிசா நின்றிருந்தாள். கலீலுல்லா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோமதியம்மாள் பக்கம் திரும்பினார்.

"நான் இஞ்சினியரு இல்லம்மா. கொழாயில மண்ண அடைக்கிற ஆளு. ஓட்டைய அடைக்கச் சொன்னது என் தப்பு. ஓடுங்க."

அந்தப் பேச்சுக்குத்தான் கோமதியம்மாள் எழுந்தாள். அதையே நாலாவது வீட்டில் சொன்னார், ஐந்தாவதில் சொன்னார், ஆறாவதில் அழுதுகொண்டே சொன்னார். சொன்ன வீடெல்லாம் காலியாயிற்று. ஏழாவது வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது சுவர் சரிந்தது. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை சத்தம் கேட்டு ஓடித் தப்பித்தார்கள். எட்டாவது வீட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஷாகுல் ஹமீது மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

பழி போட யாரும் வரவில்லை. ஆறு வீட்டு ஜனத்தைக் காப்பாற்றிய மனுசன் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஷாகுலின் மனைவி ஷைஸ்தாகூட, உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்றாள். கலீலுல்லா தலையைக் குனிந்துகொண்டார். கோமதியம்மாள் வாசலில் மழை, முனிசிபாலிட்டி என்று பத்து நிமிஷம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றதை ஷைஸ்தாவிடம் அவரால் சொல்ல முடியவில்லை.