கூரைக்குக் கீழே ஒரு பெண்

டென்மார்க்கில், இக்காஸ்ட் ஆடைத் தொழிற்சாலையில் என் பெட்டிகளை மட்டும் மேற்பார்வையாளர் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நிமிர்த்தித் தூக்கி வைப்பார். ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டும்: யார் அடைத்தது என்று தெரிய, ஒவ்வொருவரும் தன் அடையாளத்தைச் சோக்கட்டியால் பெட்டியில் கீற வேண்டும். என்னுடையது ஒரு கூரை, அம்புமுனை மாதிரி. மனுசன் அதை ‘இந்தப் பக்கம் மேலே’ என்று விளங்கிக்கொண்டார். திருத்துகிற அளவுக்கு என்னிடம் டேனிஷ் இல்லை.

அந்தக் கூரை லின் அண்ணை தந்தது. வியட்நாமிலிருந்து வள்ளத்தில் தப்பி வந்த சீனர், பக்கத்து மேசைக்காரர். ஒருநாள் சாப்பாட்டு நேரம் மட்டையில் சோக்கட்டியால் ஒரு சீன எழுத்துக் கீறினார். மேலே கூரை, கீழே பெண். அதுதான் நிம்மதியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில், ஷெல் சத்தத்துக்குள். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடமாகக் குடிவரவுக் கந்தோரிலிருந்து பதில் இல்லை. “எனக்குக் கூரை மட்டும்தான்” என்று உடைந்த டேனிஷில் சொல்லி, கீழே இருந்தவளை விரலால் அழித்தேன். அன்றிலிருந்து அதுவே என் அடையாளம்.

லின் அண்ணை கோபிக்கவில்லை. அந்த எழுத்தின் பழைய முகங்களை வரிசையாகக் கீறினார். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் சூடு காட்டிக் கேள்வி கேட்டு, அதிலேயே அதைச் செதுக்குவார்களாம். வெடிப்பு விழுகிற விதம்தான் பதில். அதில் அந்தப் பெண் கைகளைக் குறுக்கே வைத்து முழந்தாளில் இருக்கிறாள். பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள். தூரிகை வந்ததும் வளைவெல்லாம் முறிந்து கோடாகிவிட்டது. கூரை உச்சி ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஓலை கிழியாமலிருக்கத் தமிழர் நாங்கள் எழுத்தை உருட்டினோம். இவர்கள் உருண்டதை மூலையாக்கியிருக்கிறார்கள்.

“எல்லாம் மாறியது. இவளை ஒருவரும் வெளியே போடவில்லை” என்றார்.

“உங்களுக்கு ஆமையோடாவது பதில் சொன்னது. எங்கட கந்தோர் அதுவும் சொல்லேல்லை” என்றேன். பாதி தமிழில் போய்விட்டது. அவர் தலையாட்டினார்.

எங்கள் விண்ணப்பங்களை மேலிடமே நிறுத்தி வைத்திருந்தது பிறகுதான் வெளியில் வந்தது. அந்தக் கதை பின்னால் டென்மார்க் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு அனுமதிக் கடிதம் கிடைத்த அன்று, அடைத்த பெட்டி அத்தனையிலும் முழு எழுத்தையும் கீறினேன். வென்றுவிட்டோம் என்று எந்திரச் சத்தத்துக்கு மேலால் தமிழில் கத்தினேன். மேற்பார்வையாளர் குழம்பிப்போய், இது யார் என்று எழுத்தைக் காட்டிக் கேட்டார். “என் மனைவி” என்றேன். அவர் மெல்லப் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

வசந்தி வந்த அன்று, வீட்டுச் சுவரில் நான் ஒட்டியிருந்த அந்த எழுத்தைப் பெருமையாக விளங்கப்படுத்தினேன். அவள் பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, இவ ஏன் சும்மா குந்திக்கொண்டிருக்கிறா? இதுக்கே நான் இவ்வளவு தூரம் வந்தனான்? உங்கட இடத்தில வேலை இருக்கோ எண்டு நாளைக்குக் கேளுங்கோ.”

இதைச் சொன்னபோது லின் அண்ணை கண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு மாதத்தில் எனக்கு முன் மேசை அவளுடையது. பெட்டிகளில் ‘அ’ என்று பெரிதாகக் கீறினாள், எங்கட முதல் எழுத்தாம்; என்னைவிடக் கூடவும் அடைத்தாள்.

காலையில் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவோம். யாழ்ப்பாணத்து வீடும் பூட்டு, இக்காஸ்ட் வீடும் பூட்டு. இரண்டு கூரைக்குக் கீழேயும் ஆளில்லை. பனிக்குள் அவள் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து போகிறாள்.