மூன்றாவது படத்து மீசை

என் மகள் வீட்டுக் கூடத்தில் புதிதாக நான்கு படங்கள் மாட்டியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் வந்த கொலைச் சித்திரங்கள். அலங்காரத்துக்கென்றே மறுபடி அச்சிட்டு, கறுப்புச் சட்டம் போட்டு விற்கிறார்களாம். விருந்தாளிகள் ரசிக்கிறார்கள். நான் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. ஏன் என்று மகள் கேட்டாள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தா. ராயபுரத்தில் ஒரு சலூனுக்கு மேல் மாடியறையில் குடியிருந்தேன். துறைமுகத்தில் யாரும் உரிமை கேட்காமல் ஏலத்துக்கு வந்த பீங்கான் பெட்டி ஒன்றைச் சலூன்காரர் எடுத்திருந்தார். பீங்கான் எல்லாம் உடைசல். அதைச் சுற்றியிருந்த பழைய பத்திரிகைத் தாள்தான் முழுசாக இருந்தது. தூக்கிப்போட மனசு கேளாமல், படமுள்ள ஆறு தாள்களைச் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கொடுத்து, கண்ணாடி போட்டு, சலூன் சுவர்களில் சுற்றிலும் மாட்டிவிட்டார். ஆறும் கொலை.

நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதற்குள், என் முதுகுக்குப் பின்னால், கத்தி ஓங்கி நிற்கும் ஒருவன். என் தொண்டையிலோ சலூன்காரரின் கத்தி. க்ஷவரம் முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

மற்றவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அவர்களுக்கு அவை மாதிரிப் படங்கள். "அந்தாளு கிருதா மாரி வெய்யி நைனா" என்று விரலை நீட்டுவார்கள். நானும் நீட்டினேன். பிள்ளை முகம் எனக்கு. கோர்ட்டில் சேவகன்கூட மதிக்கவில்லை. மூன்றாவது படத்தில் படியிறங்கி வருகிறவனுக்கு நடு வகிடு, இரு முனையும் மேலே முறுக்கிய மீசை. படத்தின் கீழே இருந்த எழுத்து சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

"இவரு தொர சார். கொலயக் கண்டுபுடிச்ச ஆபீசரு" என்றார் சலூன்காரர்.

இங்கிலீஷ் படித்தவன் நான். கழற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் ஆபீசர் மீசை வந்துவிட்டது.

அப்போதுதான் காலடிப்பேட்டையில் ஒரு கிடங்குக் காவலாளியைச் சாயங்கால வேளையில் யாரோ குத்திக் கொன்றார்கள். கிடங்கிலிருந்து ஓடியவனைப் பார்த்ததாகக் கைவண்டி இழுக்கிற ஒருவர் சொன்னார்: முறுக்கு மீசை, நடு வகிடு. அந்த வர்ணனைக்குப் பொருந்திய ஒரு துறைமுகக் கூலியைப் போலீஸ் பிடித்தது. அடையாள அணிவகுப்பு நடத்த மாஜிஸ்திரேட் சிறைக்குப் போனார். எழுதுவதற்கு நான் கூடப் போனேன்.

முறை இதுதான். சந்தேகத்துக்குரியவனோடு, தோற்றத்தில் அவனை ஒத்த, சம்பந்தமில்லாத எட்டுப் பேரை வரிசையில் நிறுத்த வேண்டும். சாட்சி, தான் பார்த்த ஆளைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். அன்று ஏழு பேர்தான் தேறினார்கள். எட்டாவது மீசைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. மாஜிஸ்திரேட் என் முகத்தையே பார்த்தார்.

"உமக்கும் அதே மீசைதானே? போய் நில்லும். குறிப்பை அப்புறம் எழுதிக்கலாம்."

குமாஸ்தாவை நிறுத்தலாம் என்று எந்த விதியும் இல்லை. கூடாது என்றும் இல்லை. நின்றேன். எங்கே நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சந்தேகத்துக்குரியவனுக்கு உண்டு. அந்தக் கூலி என் பக்கத்தில் வந்து நின்றான். என் வயதுதான் இருக்கும். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

கைவண்டிக்காரர் வந்தார். நெற்றியில் ஒரு தழும்பு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார், திரும்பினார். கூலியின் முன் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநாள் பழகியவரைப் பார்ப்பதுபோல. என் தோளில் கையை வைத்தார்.

"இவர்தான் சார். சத்தியமா இவர்தான். இந்த மூஞ்சிய மறக்க முடியுமா?"

வரிசையில் நின்ற சம்பந்தமில்லாதவனைத் தொட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. விதி எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கொலை நடந்த சாயங்காலம் நான் எங்கிருந்தேன்? மாடியறையில், தனியாக, மீசை முறுக்கிக்கொண்டு. அதற்குச் சாட்சி யார்?

சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு மாஜிஸ்திரேட் குரலைத் தாழ்த்தினார். "உம்மை நிறுத்தினதே தப்புன்னு மேலே சொல்லுவா. இதை விட்டுடலாம். நாளைக்கு வேற ஆளை வெச்சு மறுபடி நடத்தலாம்."

என் பெயர் காகிதத்தில் ஏறாது! தலையாட்டியே விட்டேன். ஆனால் முடிந்ததும் சந்தேகத்துக்குரியவனிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டாக வேண்டும். எங்கள் பேச்சு காதில் விழும் தூரத்தில்தான் அவன் நின்றிருந்தான். கேட்டேன்.

"இன்னா சார் ஆச்சேபம்? அந்தாளு உன்னத் தொட்டான், என்னத் தொடல. அத்த எய்து சார். நாளிக்கு நீ நிக்க மாட்டே. அப்பால என்னத்தான் தொடுவான். எய்து சார், உனுக்குப் புண்ணியமாப் போவும்."

எழுதினேன். என் பெயர், வயது, நின்ற இடம் எல்லாவற்றையும். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்ன ஆட்சேபத்தை விட்டுவிட்டால் வேலை போகும். தூக்குக் கயிற்றைவிட வேலை போகிற பயம்தான் எனக்குப் பழகியிருந்தது. மாஜிஸ்திரேட் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

நேராகச் சலூனுக்கு ஓடினேன். மீசையை எடுக்கச் சொன்னேன்.

"இன்னா சார் பேஜாரு? ஆசயா வளத்தியே!"

நடந்ததைச் சொன்னேன். நெற்றித் தழும்பு என்றதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வண்டிக்காரனா? நாயித்துக்கு நாயிறு வருவான் சார். இதோ, இந்த பெஞ்சில குந்திகினு, அந்தப் படத்தயே பாத்துகினு இருப்பான்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் கீழே இறங்குவதே இல்லை; அவரைப் பார்த்ததில்லை. பெஞ்சுக்கு நேர் எதிரே, ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், மூன்றாவது படம். வண்டிக்காரர் அன்று கண்டது இருட்டுகிற நேரத்தில் ஓடிய ஒருவனை. அந்த உருவத்துக்கு அவர் மனசு இங்கிருந்து ஒரு முகத்தை எடுத்து ஒட்டிவிட்டது. கூலியின் மீசை அதற்கு ஒத்துப்போனது. என் மீசையோ அதுவேதான். சட்டத்தைக் கழற்றினேன். மறைந்திருந்த வரியைப் படித்தேன்: எஜமானியைக் கொன்றுவிட்டுத் தப்பிக்கும் வேலைக்காரன்.

"அப்போ ஆபீசரு இல்லியா?" என்றார் சலூன்காரர். "மீச இன்னாமோ ஆபீசரு மாரிதான் சார் கீது."

கத்தியை எடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடையாளம் காட்டப்பட்டவன் தோற்றத்தை மாற்றினால், அது குற்ற உணர்வாகக் கொள்ளப்படலாம். அதுவும் எனக்குத் தெரிந்த விதிதான்.

கொலைகாரன் மீசையோடு நான்கு மாதம் திரிந்தேன். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். இரண்டு முறை போலீஸ் வந்து, அன்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று கேட்டது. மூன்றாவது படத்தைக் கூலியின் வக்கீலிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோர்ட்டில் அதற்குச் சான்றுப் பொருள் என்று எண் போட்டார்கள். கைவண்டிக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிதான் சார்" என்றார். கூலி விடுதலையானான்.

மறுநாள் காலை மீசையை எடுக்க உட்கார்ந்தேன். படம் கோர்ட்டிலேயே தங்கிவிட்டதால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சலூன்காரர் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"அப்போ அந்தக் காவக்காரன யாருதான் சார் கொன்னது?"

யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்குள் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், பெஞ்சில், முறைக்காக நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கும் மீசையில்லை; எடுத்துவிட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் கண்ணை மூடவில்லை.