ஓடைக்கு அந்தப் பக்கத்து மதில்

எனக்கு இன்று மூன்று செங்கல் சூளை இருக்கிறது. படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனால் ஒரு பழைய ராஜதானியின் மேற்கு மதிலைக் கண்டெடுத்தவன் நான். ஆபீசர் கண்டுபிடித்ததாக எங்காவது எழுதியிருப்பார்கள், எழுதட்டும். கடப்பாரை என் கையில்தான் இருந்தது.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் வழி. ஊர் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் ராஜா கோட்டை கட்டி ஆண்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த ராஜா என்றுதான் எவனுக்கும் தெரியாது. யுத்தம் முடிந்த சமயம், பட்டணத்திலிருந்து ஆபீசர் ஒருவர் வந்து அந்தக் கோட்டை எதுவரை போனது என்று தோண்டிப் பார்த்தார். கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் அகலமான செங்கல் அஸ்திவாரம் கிடைத்தது. மேற்கே ஒன்றும் அகப்படவில்லை. கூலிக்குப் போன நான் சீக்கிரமே மேஸ்திரி ஆனேன். மண்ணை என்னைப் போல வெட்ட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

மற்ற மதில்கள் போகிற போக்கை வைத்து, மேற்கு மதில் ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊர்க்காரர்களின் வேர்க்கடலைக் கொல்லையில்தான் இருக்க வேண்டும் என்று ஆபீசர் கணக்குப் போட்டார். கொல்லைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். போட்டேன். அது எங்கள் கங்கம்மா ஜாத்திரைக்கு முந்தின நாள்.

ஜாத்திரையில் எருமைக்கடா வெட்டி, ரத்தத்தில் சோறு பிசைந்து, கூடையில் எடுத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி இறைப்போம். அதற்குப் பொலி என்று பேர். இறைத்த இடத்தைத் தாண்டி வாந்திபேதி உள்ளே வராது. கூடை தூக்குகிறவன் திரும்பி நடக்கக் கூடாது, யாரையும் அடிக்கக் கூடாது, சுற்று முடிகிறவரை கூடையை இறக்கக் கூடாது. கூடை எல்லைக்கு வெளியே கவிழ்ந்தால் தூக்கினவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். உள்ளே கவிழ்ந்தால் குற்றமில்லை. எல்லை என்பது பழைய கோட்டைதான். மேற்கே மதில் தெரியாததால், பெரியவர்கள் ஓடைக்கரையையே எல்லையாக வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் கூடை என் அக்காவின் புருஷன், என் பாவா தலையில் இருந்தது. விடிந்ததும் கிளம்பினோம். காவலுக்கு முன்னால் நான் தடியோடு போனேன். ஓடைக்கரையில் அடுத்த ஊரே திரண்டு நின்றது.

“இன்னாடா, உங்க ஊரு பேதிய எங்க கொல்லையில கொட்டறதுக்கு முன்னாடியே கோடு போட்டு வெச்சிகினீங்களா?” என்றான் அவர்களில் ஒரு மீசைக்காரன்.

“அது கவர்மெண்டு கோடுடா.”

“கவர்மெண்டுக்கும் பேதியா?”

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கவணிலிருந்து வந்த கல் பாவாவின் இடது கண்ணில் விழுந்தது. இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தபடியே நின்றார். எருமை ரத்தமும் அவர் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. நான் மீசைக்காரனின் தோளில் இறக்கிய அடியில் எலும்பு முறிந்தது. வேறொருவன் அரிவாளை வீசினான். என் காதில் பாதி அங்கேயே போயிற்று. எங்கள் ஆட்கள் பின்வாங்கினார்கள். பாவா திரும்பி நடக்கக் கூடாது, கரையோரமாகப் போகவும் அவர்கள் வழி விடவில்லை. ஓடையில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கொல்லைக்குள் நடந்தார். மண்வெட்டிக் காம்பால் ஒருவன் அவர் முழங்காலில் அடித்தான். ஒரு அடியில் விழவில்லை. மூன்றாவது அடியில் விழுந்தார். சோறு கடலைச் செடிமேல் கொட்டியது.

அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. அடித்தவர்கள் விலகி நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கல்லெடுத்தார்கள், பாவாமேல் எறிய. சேதி கேட்டு ஓடி வந்த அக்கா அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

“போடு நைனா, போடு. உங்க வூட்டுப் புள்ளைங்களுக்குப் பேதி வரக்கூடாதுன்னுதான் இந்த மனுசன் கண்ணக் குடுத்துட்டுக் கெடக்கறாரு.”

“சோறு ஓடைக்கு அந்தாண்ட கொட்டிக்கிச்சும்மா, நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் நாட்டாமை. “பொழுது சாயறதுக்குள்ள மூட்டையக் கட்டிக்கினு போய்டுங்க.”

கல் ஒன்று அக்காவின் முதுகில் விழுந்தது. எறிந்தவனை நான் அடித்த அடியில் அவனுக்கு முன்பல் இல்லாமல் போயிற்று. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “ஓடைதான் எல்லைன்னு ஆரு பார்த்தது? மதிலு எங்க கீதுன்னு தோண்டிக் காட்டறேன். அவரு வுழுந்த எடத்துக்கு இந்தாண்ட இருந்தா நானும் கூடவே போறேன். அந்தாண்ட இருந்தா ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது.”

“தோண்டட்டும்,” என்றான் மீசைக்காரன், கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி. “கோடு பொய்யின்னு இவனுங்களே பார்த்துக்கட்டும்.”

சண்டைச் சத்தம் கேட்டு ஆபீசரும் வந்திருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் கொல்லைக்குள் வந்து, கோட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். பாவா விழுந்த இடத்துக்கு இன்னும் மேற்கே. இரண்டு ஊரும் தடியோடு சுற்றி நிற்க, காதில் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். இடுப்பளவு ஆழம் போயும் வெறும் செம்மண். கூட்டம் நெருங்கி வந்தது. பின்னாலிருந்து வந்த கல் தோளில் பட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. ஆபீசர் குனிந்து, “கீழே கல் தட்டுகிறதா பார்,” என்றார். கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். கணீரென்றது.

முழங்கை நீளச் செங்கல், வரிசை மேல் வரிசையாக. அகலம் ஒரு மாட்டுவண்டி ஓடலாம். நாட்டாமை குழிக்குள் இறங்கித் தொட்டுப் பார்த்தார். மேலே ஏறி, சோறு கொட்டிக் கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“உள்ளதான்,” என்றார்.

“அப்போ எங்க கொல்லையும் உள்ளதானே?” என்றான் மீசைக்காரன். “அடுத்த வருசம் எங்களுக்கும் சேத்து எறைங்க. இல்லன்னா இன்னொரு கண்ணு கீது அவருக்கு.”

எங்கள் ஊரில் கல்லெடுத்தவர்களில் நாலு பேரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து பாவாவைக் கிடத்திய கட்டிலைத் தூக்கவைத்தேன். திருத்தணி ஆஸ்பத்திரி வரைக்கும் தோள் மாற்ற விடவில்லை. கண் போனது போனதுதான். கால் கடைசிவரை மடங்கவில்லை. ஆனால் அக்கா அந்த வீட்டைக் காலி செய்யவில்லை. அவள் பேரன் இன்றும் அதில்தான் இருக்கிறான்.