அறுபத்திரண்டு போதாது

பில்சுனுக்கு ஊரில் வைத்த பெயர் கரண்டுக் கம்பம். பன்னிரண்டு வயதில் அண்ணனைத் தாண்டி வளர்ந்தாள், பதினாறில் அப்பாவை. கல்யாணப் போட்டோ எடுத்தவர் மாப்பிள்ளையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி நிற்கவைத்தார். செங்கல் தெரியாமலிருக்க அவள் பாவாடையை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு முப்பத்தாறு வருடம் தட்டைச் செருப்பைத் தவிர வேறெதையும் அவள் காலில் மாட்டவில்லை.

புச்சோன் நகரத்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். தினம் எழுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அடுப்புக்கு மேலே தொங்கும் புகைக்கூண்டு மற்ற பெண்களின் உயரத்துக்கு வைத்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது அவள் நெற்றி அதில் இடிக்கும். கோழி பொரிக்கிற நாட்களில் தெறித்த எண்ணெய் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தங்கிவிட்டது. அறுபது முடிந்ததும் ஒரு பூங்கொத்தும் பெயர் பொறித்த கண்ணாடிப் பலகையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பலகையில் பெயர் தப்பு. திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச்சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பல்பொருள் அங்காடியின் ஒன்பதாவது மாடியில் மூத்தவர்களுக்கான மாடல் வகுப்பு நடக்கிறது என்று துண்டுக் காகிதத்தில் பார்த்துத்தான் போனாள். முதல் நாள் வாத்தியாரம்மா எல்லோரிடமும் உயரம் கேட்டாள். பில்சுன் "நூத்தி எழுபது சென்டிமீட்டர்" என்று வழக்கம்போல மெதுவாகச் சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது பொறாமை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அங்கேதான் ஹேரான் சேர்ந்துகொண்டாள். ஐம்பத்தாறு வயது, வகுப்பிலேயே கடைக்குட்டி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து மூடியவள். வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நொடியிலிருந்து "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டால் ஒரு டப்பா அக்காவுக்கு. பில்சுனின் அடுக்குமாடி நடைபாதை நீளமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குதிகால் செருப்பு மாட்டிக்கொண்டு அங்கே நடந்து பழகுவார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "குதிரை லாயம் எதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்.

டிவியில் துணி விற்கிற சேனல் ஒன்று அந்த வருடம் புதிதாக ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, அறுபது தாண்டிய பெண்களுக்கான உடை. அதுவரை அந்த உடைகளை முப்பது வயதுப் பெண்கள்தான் போட்டுக் காட்டினார்கள். கிழவிகளுக்குத் தைத்த கால்சட்டை இடுப்பில் நிற்காமல், முதுகுப் பக்கம் நான்கு கிளிப் போட்டு இறுக்கி, திரும்பாமலே நின்றார்கள். பார்க்கிற பெண்கள் எழுதிப் போட்டார்கள்: எங்கள் வயதில் ஆளே கிடைக்கவில்லையா? சரி, காட்டுவோம் என்றது சேனல். நிஜமான பெண்கள், பெயரோடும் வயதோடும்.

பில்சுனை எடுத்தார்கள். ஒத்திகையின்போது திரையின் அடியில், உள்ளங்கை அகல எழுத்தில், குடும்பப் பெயரோடு "மா பில்சுன், 62" என்று வந்தது. பெயர் தப்பில்லாமல் இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். அந்த எழுத்து அங்கேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு புதன்கிழமையும்.

அடுத்த ஆளாக வந்து நின்றது ஹேரான். அவளுக்குக் கீழே எழுதியிருந்தது 65.

உடைமாற்றும் திரைக்குப் பின்னால் ஹேரான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மாடல் அனுப்புற ஏஜென்சில அப்படிச் சொல்லி அனுப்பிட்டாங்க. அறுபதுக்கு மேலன்னாதான் எடுப்பாங்களாம்."

"அதுக்கு அறுபத்தொண்ணுன்னு சொல்றது. அது என்ன அறுபத்தஞ்சு?"

"அறுபத்தொண்ணுன்னா 'ஓ, அப்படியா'ன்னுட்டுப் போயிடுவாங்களாம். அறுபத்தஞ்சுன்னாத்தான் வாயப் பொளப்பாங்களாம்."

பில்சுனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ இங்க யாருடி அக்கா?"

ஹேரான் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸ்டுடியோக்குள்ள மட்டும். வெளில வந்ததும் நீங்கதான்."

ஆறு வயது இளையவளை அக்கா என்பது சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், பல்லுக்குள்ளேயே நின்றது. மூன்றாவது தடவை வந்துவிட்டது. கூடவே ஹேரானுக்குப் பாடமும் நடத்தினாள்; அங்கே ஒவ்வொரு பிறந்த வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர் உண்டு. "யாராவது என்ன வருஷம்னு கேட்டா ஆடுன்னு உளறிடாத. அறுபத்தஞ்சுன்னா நாய் வருஷம். சொல்லு."

"நாய்."

"இன்னொரு தடவை."

முதல் புதன்கிழமையே அது நடந்தது. நிகழ்ச்சி நடத்துகிற போராவுக்கு நாற்பது வயதிருக்கும், தண்ணீர் குடிக்கிற நேரம் தவிர வாய் மூடாதவள். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேரானின் தோளைத் தடவி, "அறுபத்தஞ்சாம். இந்த அக்கா என்ன வருஷம்னு நாமளே கண்டுபிடிப்போமா? அக்கா, சொல்லுங்க," என்றாள்.

ஹேரான் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்பது பில்சுனுக்குத் தெரிந்தது. இரண்டு நொடி சும்மா இருந்திருந்தால் போதும். இருக்க முடியவில்லை. "எங்கக்கா நாய் வருஷம். அதை வெளில சொல்லவே மாட்டாங்க, கடிப்பாங்கன்னு சொல்லிடுவோம்னு பயம்," என்றாள்.

ஸ்டுடியோ சிரித்தது. போரா இன்னும் பலமாகச் சிரித்துவிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். "இது அக்கா, இது தங்கச்சி. தங்கச்சி, நீங்க அக்காகிட்டதான் ரகசியம் கேட்டுக்கணும்."

பார்க்கிறவர்கள் அனுப்புகிற செய்திகள் திரையின் ஓரத்தில் ஓடின. பில்சுனுக்கு எட்டத்துப் பார்வை நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். ஒன்றில் எழுதியிருந்தது: அறுபத்தஞ்சை நம்ப முடியல. அறுபத்திரண்டை நம்பலாம்.

வெளியே வந்ததும் ஹேரான் "அக்கா, நீங்க இல்லைன்னா நான் செத்தேன்," என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்த வாரமும் கட்டிக்கொண்டாள். மூன்றாவது வாரம், சுரங்க ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது, "அடுத்த தடவை நீ அந்த சாம்பல் கலரை எடுத்துக்கோ..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பில்சுன் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

அன்று மாலை சமையலறைத் தோழி கும்ரே போன் செய்தாள். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள், ஒரே அண்டாவைக் கிளறியவர்கள்.

"அடியே, கோட்டு வாங்கிட்டேன்."

"எந்தக் கோட்டு? நான் போட்டிருந்ததா?"

"இல்ல, உன்னோட அக்கா போட்டிருந்தது."

"அவ எனக்கு அக்கா இல்ல."

"யாரா இருந்தா என்ன. நீ வந்தப்பவும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நம்ம சமையலறைல நீ நிக்கற மாதிரியே இருந்துச்சுடி. அவ போட்டதைப் பாக்கறப்போ நானும் அப்படி இருப்பேன்னு தோணுச்சு."

பில்சுன் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். கும்ரேயே தொடர்ந்தாள். "கோட்டு வந்ததும் போட்டுப் பாத்தேன். பட்டன் மாட்டல. திருப்பி அனுப்பிட்டேன்."

நான்காவது வாரம், நாம் என்ற பெயர்கொண்ட தயாரிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், அவளுக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். நிமிடத்துக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு கோடு, பல் உடைந்த சீப்பு மாதிரி ஏறி இறங்கியது.

"இறங்கற இடமெல்லாம் பாத்துக்கோங்கம்மா. நீங்க நடுவில வர்ற இடம்."

"அது சட்டை சரியில்லாம இருக்கும்."

"சட்டையை மாத்தி மாத்தியும் பாத்தாச்சு. அவங்க சட்டையை உங்களுக்கும் உங்களோடதை அவங்களுக்கும் குடுத்தோமே, போன வாரம்." குரலை இன்னும் தாழ்த்தினார். "அடுத்த வாரத்திலேருந்து பின்னாடி, துணி தொங்கற ஸ்டாண்டு பக்கத்துல நில்லுங்க. பேர் போட வேண்டாம்."

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாள். "ஹேரானுக்கு அம்பத்தாறு வயசு."

நாம் நிமிரக்கூட இல்லை. "தெரியும்மா. அடையாள அட்டை நகல் எங்ககிட்டதானே இருக்கு."

"தெரிஞ்சுமா?"

"எங்க வயசுல ஆள் காட்டுங்கன்னு உங்க வயசுக்காரங்கதான் எழுதினாங்க. காட்டினோம். சேனலை மாத்திட்டாங்க." அவர் அவளை உச்சி முதல் கால்வரை பார்த்தார். உயரத்தைக் கண்டு நின்ற பார்வை அல்ல அது. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பார்வை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் தெளிந்தது. "உங்ககிட்ட ஒரு தப்பும் இல்லம்மா. வயசுதான் பத்தல."

"என்ன?"

"அறுபத்திரண்டுக்கு நீங்க சாதாரணம். எழுபத்தொண்ணுன்னு போட்டுப் பாருங்க. அசந்துடுவாங்க. பழைய நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, நீங்க வந்தப்பதான் சேனலை மாத்திட்டாங்களே."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். ஹேரானைக் காட்டிக்கொடுத்தாயிற்று, காட்டிக்கொடுத்ததற்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. முதியவர் இருக்கையில் இடம் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் நின்றுகொண்டாள்.

வீட்டில் கணவர் டிவியில் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் கோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு அறுபத்தாறு. அப்போ நான் உனக்குத் தம்பியா?" என்றார். "உயரத்துலதான் தோத்தேன்னு பாத்தா வயசிலயுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க."

"பின்ன என்ன சொல்ல? வேண்டாம்னு சொல்லிட்டு வா. சோத்துக்கா இல்ல நமக்கு?"

"வேண்டாம்னு சொல்லிட்டா புதன்கிழமை காலைல நான் என்ன பண்றது?"

திரையில் யாரோ ஒரு கறுப்புக் காயை வைத்தார்கள், அவர் அதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். திங்கட்கிழமை பில்சுன் நாமுக்குப் போன் செய்து சரி என்றாள்.

புதன்கிழமை ஒப்பனைப் பெண், பில்சுன் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கறுப்படிக்கிற தலையில் வெள்ளைப் பொடியைப் பூசினாள். கையில் எண்ணெய் சுட்ட புள்ளிகளை வழக்கமாக மறைப்பாள். இன்று விட்டுவிட்டாள்; எழுபத்தொன்றுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஹேரான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லிட்டீங்களாமே."

"சொன்னேன்."

"நாம் சிரிச்சிக்கிட்டே சொன்னார். அவருக்குத் தெரியும்னு எனக்கு முதல்லேருந்தே தெரியும்." காதணியைக் கழற்றித் திரும்ப மாட்டினாள். "உங்களுக்கு அது தெரியாதுல்ல. அப்போ நான் போயிடுவேன்னு நினைச்சுத்தானே சொன்னீங்க."

இதற்குப் பொய் சொல்லலாம். பில்சுன் சொல்லவில்லை. "ஆமா."

"எழுபத்தொண்ணு, அறுபத்தஞ்சு," என்றாள் ஹேரான். "ஆறு வயசு வித்தியாசம். நிஜத்திலயும் அதே ஆறுதான்." சிரிக்கப் பார்த்தாள். "இனிமே ஸ்டுடியோக்குள்ளயும் அக்கான்னே கூப்பிடலாம்."

"கேமராவுக்குக் கூப்பிடு," என்றாள் பில்சுன். "வெளில வேண்டாம்."

ஒத்திகையில் அவள் நடந்ததைப் பார்த்து நாம் கையைத் தூக்கினார். "வேகம் ஜாஸ்திம்மா. எழுபத்தொண்ணு இப்படி நடக்காது." அந்த நடைக்காகத்தான் ஒன்பதாவது மாடியில் ஒரு வருடம் கால் வலிக்க வலிக்க நடந்திருந்தாள். அடியைச் சுருக்கினாள். "இன்னும் கொஞ்சம்," என்றார். இன்னும் சுருக்கினாள்.

பத்தேகாலுக்கு நேரலை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அடியில் "மா பில்சுன், 71" என்று வந்ததும் போரா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "எங்கம்மாவைவிட நாலு வயசு பெரியவங்க," என்றாள். ஓரத்தில் செய்திகள் மூச்சுவிடாமல் ஓடின. எழுபத்தொண்ணா. எங்க மாமியார் பாக்கணும் இதை. அந்த அம்மா போட்டிருக்கறது என்ன கலர். கீழே எண்ணிக்கை நானூறு, எழுநூறு, ஆயிரத்து இருநூறு என்று தாவியது. சாம்பல் நிறம் தீர்ந்தது, பிறகு நீலம் தீர்ந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து நாம் இரண்டு கட்டைவிரலையும் காட்டினார்.

மேடையிலிருந்து கீழே இறங்க இரண்டு படிகள்தான். ஹேரான் முன்னால் இறங்கி, திரும்பி, "பாத்து வாங்க அக்கா," என்று கையை நீட்டினாள். பில்சுனுக்கு அந்தப் படியில் யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை. அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் ஒரு கணம் நின்று, பிறகு அடுத்ததில் காலை வைத்தாள்.