பெட்டிக்கடைக் கயிறு

நான் பீடியை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "மனசு வச்சா போதும்வே" என்று கிழக்கேகோட்டை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அன்று என்னோடு ஓட்டலில் வேலை செய்யும் செல்லையா, பெட்டிக்கடையில் நெருப்போடு தொங்கிய கயிற்றில் பீடியைப் பற்றவைத்து, விளையாட்டாக என் முகத்தில் புகையை ஊதினான். எனக்கு வெறி தலைக்கேறியது. கனன்றுகொண்டிருந்த அந்தக் கயிற்றைப் பிடுங்கி அவன் கழுத்தில் சுற்றி இறுக்கினேன். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. "விடெடா, அவன் சத்துப்போவும்!" என்று மலையாளியான கடைக்காரர், அவன் செத்துவிடுவானென அலறினார். நாலு பேர் என்னை அடித்து இழுத்த பிறகுதான் விட்டேன்.

செல்லையா கழுத்தைப் பிடித்தபடி கேட்டான்: "பீடி குடிச்ச காலத்துல நீங்க யார் மேலயும் கை வச்சதில்லையே, அண்ணாச்சி?"

அதன் பிறகும் நான் பீடியைத் தொடவில்லை. ஆனால் எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், இப்போது மன உறுதி என்று சொல்வதில்லை. செல்லையாவைக் கூப்பிட்டு, அவன் கழுத்தைக் காட்டுகிறேன்.