அடுப்பண்ணன் வாட்டிய பதினாறு பைகள்

ஆய்வகத்தில் அவரை எல்லாரும் அடுப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இலை உலர்த்தும் மின்அடுப்புக்குப் பத்தொன்பது வருடமாக அவரே பொறுப்பு. உதிர்ந்த இலைகளை வலைப்பையில் அடைத்துக் காட்டுத் தரையில் போட்டுவைப்பார்கள். சில மாதம் கழித்து எடுத்துவந்து, எழுபது டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுவார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவையும் காடு தின்றிருக்கிறது என்று அர்த்தம். இதில் அவர் கை தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சிதான் காலை வாரிவிட்டது.

ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு எடை வேண்டாம், பூஞ்சை வேண்டும். இலைமேல் படரும் பூஞ்சை நொதிகளைச் சுரக்கிறது. மரம் பாடுபட்டுக் கட்டிய கெட்டியான நாரை அந்த நொதிகள்தான் கத்தியில்லாமல் துண்டு போடுகின்றன. சூடு பட்டால் நொதி செத்துப்போகும். ஆகவே வடக்குச் சரிவின் பதினாறு பைகளும் நேராகக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அடுப்பண்ணனும் இரண்டு தடவை தலையாட்டினார். தலை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. பைகள் வந்தன, அடுப்புக்குள் போயின.

இரண்டு நாள் கழித்து அடுப்பைத் திறந்தபோதுதான் உறைத்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அவரோ செடிக்குத் தண்ணீர் அடிக்கும் புட்டியை எடுத்து, இலைகள் ஈரமாகத் தெரியும்வரை தெளித்து, குளிர்பெட்டியில் அடுக்கினார். செத்தவனுக்கு முகம் கழுவிவிட்ட மாதிரி.

சோதனையில் நொதி பூஜ்யம். யாரும் அடுப்பைச் சந்தேகப்படவில்லை, காட்டைச் சந்தேகப்பட்டார்கள். வடக்குச் சரிவு நோயாளியாகிவிட்டது. ஏன் என்பதற்கு ஆறு விளக்கங்கள்கூடக் கிடைத்தன. நிபுணர் குழு ஒப்புக்கொண்டால் சரிவின் மேல்மண்ணைப் புரட்டி மருந்து தெளிப்பதாகத் திட்டம். கூட்டத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, தட்டுல படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

சொன்னார்.

"தெரியாம செஞ்சுட்டேன்."

"தெரியாம சுட்டீங்க. தெரிஞ்சுதானே தெளிச்சீங்க?"

எழுந்துபோய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

கூட்டத்தன்று காலையில் டாக்டரம்மாவை வடக்குச் சரிவுக்கு அழைத்துப்போனார். குனிந்து இலைகளை விலக்கினார். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல்கள், இலையோடு இலையைத் தைத்துவைத்த மாதிரி.

"அண்ணே, இவ்வளவு பூஞ்சை இருக்கே! அப்புறம் எப்படி பூஜ்யம் வந்துச்சு?"

"அடுப்புல போட்டுட்டேம்மா."

"ஈரமா இருந்துச்சே?"

"தெளிச்சேன்." அவர் நிமிரவே இல்லை.

"எந்தத் தண்ணி?"

"காய்ச்சி வடிச்ச தண்ணிதாம்மா," என்றார், அதிலாவது தன் பெயர் கெட வேண்டாம் என்பதுபோல.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

குழுவின் முன்னால் டாக்டரம்மா எழுந்து நின்று சுருக்கமாகச் சொன்னார்: "இந்த முடிவு செல்லாது. இலையெல்லாம் தவறுதலா சூட்டுல உலர்ந்துடுச்சு. நான் கூட இருந்து பார்த்திருக்கணும், தப்பு என்னோடது. புதுசா எடுத்துச் சோதிக்கறோம். அதுவரைக்கும் சரிவை யாரும் தொடவேண்டாம்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "காஞ்ச இலைக்கும் பச்சை ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா உங்களுக்கு? கையில எடுத்தப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

பதில் டாக்டரம்மாவிடம் இருந்தது, அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க," என்றார் அடுப்பண்ணன். "சுட்டதும் நான்தான். ஈரமா தெரியணும்னு தண்ணி தெளிச்சு வச்சதும் நான்தான்."

இருபது தலைகள் திரும்பின. அவருடைய காது அப்போது எத்தனை டிகிரி என்று அளக்க அங்கே கருவி இல்லை. உட்காருங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் முடியும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.